முந்நூத்திப் பன்னெண்டு கிலோ

வாங்ணா, வாங்ணா. நீங்கதான காலைல போன் பண்ணுனது, பழைய ஸ்பிரிங் வேணும்னு? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாங்ணா, இது ஷெட்டுதான். வழி கண்டுபுடிக்கக் கஷ்டமாயிருச்சா? வடவள்ளி தாண்டி வர்ற எல்லாருமே அந்த மொத சந்துல திரும்பிருவாங்க. நீங்க பரவால்ல, ஒரே ஒரு தடவதான் போன் பண்ணீங்க.

உக்காருங்ணா. அந்த டயர் மேலயே உக்காருங்க, சுத்தமாத்தான் இருக்கு. டீ போடறேன். இல்லீங்ணா, ஒண்ணும் சிரமமில்ல, நான் தனியாத்தான் இருக்கேன், எனக்கும் குடிக்கோணும். அப்பா அம்மாவெல்லாம் திருப்பூர்ல அண்ணன் வீட்டுல. நான் இங்க பம்ப் கம்பெனில குவாலிட்டில இருக்கேன். ஞாயித்துக்கெழம ஆனா வண்டியும் நானுந்தான்.

இதா பாருங்க. நாலு ஸ்பிரிங், நாலு ஷாக் அப்சர்பர். வண்டி வாங்குனப்ப கம்பெனில இருந்து வந்தது. இருபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிருக்கு. கழட்டி, தொடச்சு, ஆயில் தடவி, சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். ஒரு சொட்டு ஒழுகல் கெடையாது. கையத் தடவிப் பாருங்க. விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்ணா, நீங்க பாத்துக் குடுக்கறதக் குடுங்க.

அப்புறம் ஏன் மாத்துனேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. சொல்றேன்.

ஸ்பிரிங்குங்கறது தாங்கறதுங்ணா. ஷாக்குங்கறது அடக்கறது. வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்துச்சுன்னா ஒரு குழில விழுந்தா அடுத்த ஊரு வரைக்கும் குதிச்சுட்டேதான் போகோணும். ஷாக்தான் போதும்டா, நில்லுங்கும். கம்பெனிக்காரன் குடுக்கறது நம்மூரு ரோட்டுக்கு, ஆபீஸ் போறதுக்கு. காட்டுப் பாதைக்கு அது பத்தாது. ஆள ஏத்தி, டென்ட ஏத்தி, தண்ணி கேன் ஏத்தி ஒரு கல்லு மேல ஏறுனா, டங்குனு அடில இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வயித்துல இடிச்ச மாதிரி இருக்கும்.

அப்ப ஒரு திட்டம் இருந்துச்சுங்ணா. இருந்துச்சு என்ன, இப்பவும் இருக்கு. வால்பாறைக்கு மேல ஒரு எஸ்டேட்டு. சபரீஷோட மாமா அங்க மேனேஜரு. சபரீஷுங்கறது என்ற கிளாஸ்மேட்டு, காலேஜ்ல நாலு வருஷம் பக்கத்து பெஞ்சு. எஸ்டேட்டுக்குள்ள ஒம்பது கிலோமீட்டர் வெறும் கல்லு ரோடு, அதுக்கு மேல ஒரு பங்களா. சாதா வண்டி ஏறாது. நான் இந்த வண்டி வாங்குன அன்னைக்கே சபரீஷ் சொன்னான், தரணி, உன்ற வண்டிய ரெடி பண்ணுடா, எல்லாரும் போலாம்னு. எல்லாரும்னா நாங்க நாலு பேரு. சபரீஷு, மிதுன், முரளி, நானு. அப்புறம் மிதுன் கட்டிக்கப் போற பொண்ணு ஹர்ஷினி. அஞ்சு பேரு. அஞ்சு சீட்டு. கச்சிதமா இருந்துச்சு.

ரெடி பண்ணுடான்னு சொல்லிட்டானில்ல. நான் விடுவனா?

கொச்சில ஒருத்தரு இந்த சாமானெல்லாம் வர வெச்சுக் குடுக்கறாரு. போன் பண்ணுனா அவரு மொதல்ல கேக்கற கேள்வியே, எத்தனை கிலோ லோடுங்கறதுதான். ஏன்னா ஸ்பிரிங்குல வகை இருக்குங்ணா. ஒத்த ஆளா ஓட்டறவனுக்கு ஒண்ணு, கூட நூத்தம்பது கிலோ ஏத்தறவனுக்கு ஒண்ணு, எப்பவுமே முந்நூறு கிலோ ஏத்திட்டே ஓட்டறவனுக்கு ஒண்ணு. குத்துமதிப்பாச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எனக்குந்தான் குத்துமதிப்பு புடிக்காதே, நான் குவாலிட்டில இருக்கறவன். உடனே எங்க குரூப்ல போட்டேன். எல்லாரும் அவங்கவங்க எடை சொல்லுங்க, அவசரம்னு.

சபரீஷ் எம்பத்திநாலு. மிதுன் எழுபத்திரெண்டு. முரளி சொல்லவே மாட்டேன்னான், அப்புறம் எம்பதுன்னான். நான் நம்புவனா? எங்க கம்பெனிக்கு வரச் சொல்லி எடை மேடைல ஏத்திப் பாத்தா தொண்ணூத்தொண்ணு. ஹர்ஷினி மட்டும் பதிலே போடல. ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம் நானே குரூப்ல போட்டேன், 'ஹர்ஷினி சிஸ்டருக்கு அறுபத்தஞ்சு போட்டிருக்கேன், கொஞ்சம் கூடுதலா இருந்தாத்தான் சேஃப்டி'ன்னு.

அவங்க குரூப்ல இருந்து போயிட்டாங்க. மிதுன் போன் பண்ணிக் கத்தறான். அவ அம்பத்திமூணுதான்டா, உனக்கு அறிவிருக்கான்னு. இந்த அம்பத்திமூண மொதல்லயே சொல்லிருக்கலாமில்லீங்ணா? ஒரு வார்த்த. நான் எதையும் மாத்தல, அறுபத்தஞ்சாவே விட்டுட்டேன். மலையேறப் போறப்ப ஸ்வெட்டர் போடுவாங்க, பை எடுத்துட்டு வருவாங்க, எல்லாம் எடைதான்.

ஆக என்னய விட்டு முந்நூத்திப் பன்னெண்டு கிலோ. நீங்களே கூட்டிப் பாருங்க. அப்ப முந்நூறு கிலோ ஸ்பிரிங்தான வாங்கோணும்? வாங்கிட்டேன், அதுக்கேத்த ஷாக்கும் சேத்து.

டீ எப்படீங்ணா? சக்கர பத்துதா?

சுந்தராபுரத்துல சையது அண்ணன்னு ஒரு மெக்கானிக்கு. கைராசிக்காரரு. காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் முடிச்சோம். ரெண்டு இஞ்ச் ஏறி நிக்குதுங்ணா வண்டி! நான் தெருவுல அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பாத்தேன். அப்படியே நெஞ்ச நிமுத்திட்டு நிக்குது. போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். முரளி கட்டவெரல் போட்டான். அவ்ளோதான். எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கல, சந்தோஷத்துல.

அடுத்த ஞாயித்துக்கெழம மூணு பேரையும் ஏத்திட்டு மருதமல அடிவாரம் வரைக்கும் ஒரு டெஸ்ட். அய்யோ, பஞ்சுங்ணா. பஞ்சு. வேகத்தடை வந்ததே தெரியல. ஆனா அளந்து பாக்கோணுமில்ல? டயருக்கும் மேல இருக்கற வளைவுக்கும் எத்தனை இடைவெளின்னு, ஒவ்வொருத்தரா எறக்கி, ஒவ்வொருத்தரா ஏத்தி, டேப்பு வெச்சு அளந்தேன். முரளிய மட்டும் ஆறு தடவ ஏத்தி எறக்குனேன், அவன்தான் எடை எச்சு. வெயிலு கொஞ்சம் ஓவரு, நாப்பது நிமிஷம் ஆயிருச்சு. சபரீஷ் சொல்றான், ஏன்டா, எங்களக் கூட்டிட்டு வந்தியா, இல்ல எடைக்குப் போடக் கூட்டிட்டு வந்தியாடான்னு. அவன் எப்பவுமே அப்படித்தான், நல்லா காமெடி பண்ணுவான். எல்லாரும் திரும்பிப் போறப்ப ஆட்டோவுல போயிட்டாங்க. அவனுகளுக்கு வேற வேலை இருந்துச்சு.

அது ஆடி மாசம். இப்ப மாசி.

அதுக்கு நடுவுல என்னென்னமோ வந்துருச்சுங்ணா. மொதல்ல மழை. அப்புறம் தீபாவளி. அப்புறம் மிதுன் கல்யாணம், பொள்ளாச்சில. அதுல கூட ஒண்ணு நடந்துச்சு, கேளுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பூ வெச்சு ஒரு காரு நின்னுச்சு. பாத்தவொடனே எனக்கு ஒரு சந்தேகம். போய் பின்னாடி ஒரு அமுத்து அமுத்துனேன். ஒரு தடவ எறங்கி ஏறி நிக்கோணும், அதான் கணக்கு. இது ஆடுது, ஆடுது, ஆடிட்டே இருக்குது. உள்ள ஹர்ஷினி உக்காந்திருந்தாங்க, அவங்களும் கூட ஆடறாங்க. நான் அவங்க அப்பாகிட்டயே போய்ச் சொல்லிட்டேன், சார், இடது பக்கம் பின்னாடி ஷாக் போயிருச்சு, இதுல இவ்ளோ தூரம் அனுப்பாதீங்கன்னு. நல்ல விஷயந்தானுங்ணா சொன்னேன்? கல்யாண வீட்டுல யாருக்கும் இதெல்லாம் தோணாது. நானே பொள்ளாச்சி பூராவும் மெக்கானிக்கத் தேடிப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா மண்டபத்துல பந்தி முடிஞ்சு எல வாரிட்டு இருக்காங்க. போட்டோல எங்கயும் நான் இல்ல. பரவால்ல, போட்டோவுல என்ன இருக்கு.

அதுக்கப்புறம் எல்லாரும் பிஸி. குரூப்ல யாருமே பேசறதில்லீங்ணா. நான்தான் ஏதாவது போடுவேன். ஷாக் எப்படி வேல செய்யுதுன்னு ஒரு வீடியோ, அந்த மாதிரி. மூணு மாசமா அவனுகளுக்கு ஒரு குட் மார்னிங் போடக் கூட நேரமில்ல பாவம்.

பிரச்சன என்னன்னா, இந்த ஸ்பிரிங்கு ஆளில்லாம ஓடாதுங்ணா. ஓடும், ஆனா ஓட்டறவன் முதுகு போயிரும். முந்நூறு கிலோவுக்குச் செஞ்ச ஸ்பிரிங்குல நான் ஒருத்தன், அறுபத்தொரு கிலோ, உக்காந்துட்டுப் போறேன். அது அமுங்கவே மாட்டேங்குது. சின்னக் கல்லு ஒண்ணு மேல ஏறுனாலே தூக்கி அடிக்குது. பேரூர் ரோட்டுல ஒரு வேகத்தடைல என்ற தல போய்க் கூரைல இடிச்சிருச்சு, இங்க பாருங்க, தழும்பு. சையது அண்ணன்கிட்டப் போனேன். அவரு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து எறங்கிச் சொல்றாரு, தம்பி, இதுல ஒரு கொறையும் இல்ல. ஒண்ணு ஆளு ஏத்து. இல்லாட்டி பழசையே எடுத்துட்டு வா, மாட்டித் தர்றேன்னு. பழசையே மாட்டறதா! அப்ப நாளைக்கு அஞ்சு பேரு கெளம்புனா என்ன பண்றது?

அதனால அதுவரைக்கும் மணல் ஏத்திட்டேன்.

அங்க பாருங்ணா, வண்டிக்குள்ள. பயப்படாதீங்க, மூட்டதான். எம்-சாண்டு. சிமெண்டுச் சாக்குல போட்டு, கம்பெனி எடை மேடைல நிறுத்து, கரெக்டா எம்பத்திநாலு, எழுபத்திரெண்டு, தொண்ணூத்தொண்ணு, அறுபத்தஞ்சு. எதெது எதுன்னு மாறிப் போயிரக் கூடாதுன்னு மார்க்கர்ல பேரு எழுதி வெச்சிருக்கேன். முரளி மட்டும் ரெண்டு மூட்ட, ஒண்ணாத் தூக்க முடியல. முன்னாடி சீட்டுல சபரீஷ். சீட்டுல எடை இருந்தா பெல்ட் போடுன்னு கீங் கீங்னு கத்துது, அதனால பெல்ட்டும் போட்டுவிட்டுட்டேன். இப்ப ஓட்டிப் பாருங்க. பஞ்சுதான்.

ஒருக்கா செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்க. போலீஸ்காரரு ஜன்னல்ல எட்டிப் பாக்கறாரு. ஏன்டா, மணல் கடத்தறதுக்கு இதான் வழியான்னாரு. இல்லீங் சார், இவங்கெல்லாம் என்ற ஃப்ரெண்ட்ஸுன்னு சொல்லிட்டேன், வாய் தவறி. அவரு டார்ச்சு அடிச்சு ஒவ்வொரு பேராப் படிக்கறாரு. சபரீஷ். மிதுன். ஹர்ஷினி. முரளி ஒண்ணு. முரளி ரெண்டு. அப்புறம் என்னயப் பாத்தாரு. பாத்துப் போப்பான்னு அனுப்பி விட்டுட்டாரு. ஸ்பிரிங் விவரம் தெரிஞ்சவரு போல.

உங்க வண்டில யாரு யாருங்ணா போவீங்க? நீங்க, அக்கா, ரெண்டு பசங்க. அப்புறம்? உங்கம்மாவும், மச்சினனும்? ஆறு பேரா! அஞ்சு சீட்டுல ஆறு பேரா! அதாங்ணா நீங்க போன்ல சொன்ன மாதிரி பின் ஷாக் ஒழுகுது. கம்பெனி ஸ்பிரிங் அதுக்கெல்லாம் ஆகாது. எப்படி உக்காருவீங்க? சின்னவன் மடில... ம். பெரியவன் பின்னாடி பை மேல... ம், ம். நெருக்கிட்டு. தப்புங்ணா அது. ரொம்பத் தப்பு. எங்க போனீங்க கடைசியா?

பழனியா. அப்படியா.

சரி, இத எடுத்துட்டுப் போயிருங்ணா. நல்லா யோசிச்சுட்டேன். இது இங்க இருந்தா சையது அண்ணன் சொன்னதே ஓடிட்டு இருக்கும் மண்டைல, திருப்பி மாட்டிரலாமா, மாட்டிரலாமான்னு. குடுத்துட்டா அந்தப் பேச்சே கெடையாது. இந்த மாசம் மழையும் இல்ல, கல்யாணமும் இல்ல. எப்படியும் கெளம்பிருவோம். சபரீஷ் போன்ல கூட... ஒரு நிமிஷங்ணா. பாருங்க, நூறு ஆயுசு. அவன்தான் கூப்படறான்!

டேய் சபரீஷு! இப்பத்தான்டா உன்னப் பத்திப் பேசிட்டு இருந்தேன்... ஆமாடா, இங்க ஒரு அண்ணங்கூட... வண்டியா? இருக்குடா, ஷெட்டுலதான் நிக்குது... இன்னைக்கா? இன்னைக்கேவா! டேய், நான் ரெடிடா, பத்தே நிமிஷம், குளிச்சுட்டேன் எல்லாம் ஆச்சு... ஓ, புக் பண்ணுன வண்டிக்காரன் வரலியா? அந்தக் கல்லு ரோட்டுக்கு வரமாட்டேன்னுட்டானா? வரமாட்டான்டா, அவன் வண்டில என்ன இருக்கு... எப்ப பிளான் போட்டீங்க? குரூப்லயா? நான் பாக்கலியேடா... எந்தக் குரூப்ல?

...ஓ.

சரி சரி. இல்லடா, அதனால என்ன. பரவால்ல. யார் யாருடா வர்றீங்க? நீ, மிதுன், ஹர்ஷினி சிஸ்டரு, முரளி... டேனியா? முரளி ஆபீஸா. ம். அஞ்சு பேரு ஆச்சு. ஆமாமா, அஞ்சுதான் சீட்டு. இல்லடா, புரியுது... டேய், பின்னாடி டென்ட எறக்கிட்டா ஒரு ஆளு உக்கார எடம் இருக்கும்டா, பை மேல, நெருக்கிட்டு... இல்ல இல்ல. சும்மா சொன்னேன். அது தப்பு, ஓவர்லோடு. நானே சொல்றேன்ல, தப்பு. சாவி மட்டும் குடுத்தாப் போதுமா? சரிடா. எவ்ளோ நேரத்துல? பத்து நிமிஷமா. சரி, சரி.

டேய், டேய், வெச்சுராத. அந்த டேனி எத்தனை கிலோ இருப்பாரு? கோவிச்சுக்காதடா, ஷாக் செட் பண்றதுக்குத்தான் கேக்கறேன். பக்கத்துல இருந்தா கேளு... அறுபத்திநாலு. சரி. நன்றி சொல்லு அவருக்கு.

அண்ணா.

அவனுக இன்னைக்கே போறாங்களாம். அந்த எஸ்டேட்டுக்கு. என்ற வண்டிலதான். பாத்தீங்களா, கடைசில யாரத் தேடி வர்றாங்கன்னு. வேற எந்த வண்டியும் அந்த ரோட்ட ஏறாதுங்ணா, இதுதான் ஏறும். நான் போட்ட கணக்கு ஒண்ணும் தப்பில்ல. அஞ்சு பேரு. முழு லோடு. ஒரே ஒரு மாத்தம், எனக்குப் பதிலா டேனி. நான் அறுபத்தொண்ணு, அவரு அறுபத்திநாலு. மூணு கிலோ. மூணு கிலோ வித்தியாசம் அந்த ஸ்பிரிங்குக்குத் தெரியவே தெரியாதுங்ணா.

மூட்டயெல்லாம் எறக்கோணும். கொஞ்சம் கை குடுக்கறீங்களா? அவனுக வந்து பேரையெல்லாம் பாத்தா ஒரு மாதிரி ஆயிரும். மொதல்ல சபரீஷோட பெல்ட்டக் கழட்டுங்ணா. அந்தச் செவப்பு பட்டன். ஆங். நீங்க மிதுனப் புடிங்க, நான் கீழ தாங்கிக்கறேன். சொவத்து ஓரமா, பேரு சொவத்தப் பாத்த மாதிரி போட்ருங்க. அவ்ளோதான். முரளி ரெண்டையும் நானே தூக்கிக்கறேன், பழக்கந்தான்.

ஷாக்குல இந்தக் குமிழ் பாத்தீங்களா? திருகுனா கிளிக் கிளிக்னு சொல்லும், கிளிக் கூடுனா இறுகும், கொறைஞ்சா எளகும். பின்னாடி ஏழு கிளிக் வெச்சு விடறேன். முன்னாடி அஞ்சு. ஹர்ஷினி சிஸ்டரு பின்னாடிதான் உக்காருவாங்க, அவங்களுக்கு ஆறு கூடப் போதும். ஆறே வெச்சிரலாம். அலுங்காமப் போவாங்க.

நாலு நாளு ஆகுமாம் திரும்பி வர.

அண்ணா, ஸ்பிரிங்கெல்லாம் சாக்குல கட்டியாச்சு, கெளம்பலாம்னு பாக்கறீங்களா? இருங்ணா. ஒரே ஒரு ஒதவி. ஒரு அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போங்க. அவனுக வர்றப்ப நான் இங்க ஒத்தையில நின்னுட்டு இருந்தா அவனுகளுக்குச் சங்கடமா இருக்கும்ங்ணா. பாவம், டூர் போற நேரத்துல மனசு கெட்டுரும். நாம ரெண்டு பேரும் ஏதோ வேலைல இருக்கற மாதிரி இருக்கலாம். இந்த ஸ்பிரிங்கப் பிரிச்சு மறுபடியும் கீழ வெச்சுட்டு, நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இன்னைக்கு நமக்கு நெறைய வேலை இருந்துச்சு, அதனாலதான் நான் போகல. அப்படி.

என்னயப் பேரு சொல்லிக் கூப்புடுங்ணா. தரணி. தரணி, அந்த ஸ்பேனர எடுன்னு. எடுறான்னு சொன்னா இன்னும் நல்லாருக்கும். சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

உங்க பேரு என்னங்ணா? நான் கேக்கவே இல்ல பாருங்க இத்தன நேரமா. வேலுச்சாமியா. சரி, வேலண்ணான்னு கூப்படறேன். எவ்ளோ நாளாப் பழக்கம்னு கேட்டா ரெண்டு வருஷம்னு சொல்லிருவோம். ரெண்டு போதும்.

ஆட்டோ வந்து நிக்குது. அவனுகதான், முரளி சிரிப்புச் சத்தம் கேக்குது. நீங்க ஏதாவது பேசுங்ணா, நானேதான் பேசிட்டு இருந்திருக்கேன் வந்ததுல இருந்து. எது வேணாலும் சொல்லுங்க. அந்தப் பழனி போனதச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, நான் சிரிக்கறேன்.